மேபெலுக்கு ஒரு மாப்பிள்ளை

மகள் ஒருவனை அழைத்து வந்து, "இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்றால், எங்கள் பக்கத்து மனிதர்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு கோழி வறுத்து, கேக் செய்து, விருந்து வைத்துவிடுவார்கள். பன்றி விஷயத்தில் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஜூலை மாதக் கண்காட்சியில் மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் ஒரு பன்றி நடந்து வந்தால், அதை ஓட்டி வரும் பிள்ளையின் அப்பா யார் என்று யாரும் கேட்பதில்லை. பன்றியின் அப்பா யார் என்றுதான் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட பன்றிகளை உண்டாக்கி விற்பதுதான் முப்பது வருஷமாக என் தொழில். ஓஹையோவின் மேற்கு ஓரத்தில் சோளக் காட்டுக்கு நடுவே என் கொட்டகை. அதில் பன்னிரண்டு தாய்ப்பன்றிகள். குட்டிகளை வசந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப் போய், குளிப்பாட்டி, நடை பழக்கி, கோடையில் போட்டிக்குக் கொண்டு வருவார்கள். சுத்த இனங்களுக்குத் தனிப் போட்டி, தனி வம்சக் காகிதம், தனிக் கர்வம் உண்டு. கலப்பினத்துக்குக் காகிதம் கிடையாது. காலையும் எலும்பையும் முதுகையும் நடையையும் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கடைசியில் பெரிய கோப்பையைத் தூக்குவது பெரும்பாலும் கலப்பினம்தான். ஆகவே நல்ல கலப்பின ஆண் பன்றியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்கு எங்கள் ஊரில் பாதிரியாருக்கு அடுத்த மரியாதை.

எனக்கு அந்த மரியாதை இருந்தது. போதாததற்கு நான் சபையில் டீக்கனும்கூட.

தாய்ப்பன்றியிடம் என்ன குறையோ அது இல்லாத ஆணைத் தேடு, மற்றதெல்லாம் தானாக வரும் என்று நான் எல்லோருக்கும் சொல்லுவேன். மேபெல் என்ற என் சிறந்த தாய்ப்பன்றிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. முன்னங்கால்கள் கம்பத்தை நட்டு வைத்தது போல விறைப்பு. கட்டாந்தரையில் நடந்தால் கணுக்கால் கொஞ்சமும் மடங்காது. அவளுக்குத் தேவை, மெத்தென்று கால் வைக்கிற ஒரு மாப்பிள்ளை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தே நான் நோ மெர்சியைத் தேர்ந்தெடுத்தேன்.

அவன் இல்லினாய்ஸில் ஒரு பெரிய பண்ணையின் ஆண் பன்றி. ஆகஸ்டில் வந்த படப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு நின்றிருந்தான். கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளைப் பட்டை, பின்தொடை இரண்டும் ரொட்டி மாவு பொங்கியது போல. கால்கள் மட்டும் முழங்கால்வரை வைக்கோலுக்குள் இருந்தன. அனுபவமுள்ளவன் அந்த வைக்கோலைப் பார்த்ததுமே அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பான். நான் போகவில்லை. சுற்றியுள்ள ஐந்து கவுண்டி மாவட்டங்களில் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி கோரின் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நோ மெர்சியா? டீக்கன் வீட்டுக் கொட்டகைக்கு இரக்கமே இல்லைன்னு பேர் வெச்ச ஒருத்தனா?"

"பேர் அவங்க வெச்சது."

"பாரு, நாளைக்குக் குட்டிங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி என்கிட்ட வராதே. அது சரி, கால் எங்க?"

"வைக்கோல்ல இருக்கு."

"அது தெரியுது. வைக்கோலுக்குள்ள என்ன இருக்கு?"

நான் தொலைபேசியை எடுத்து சினை ஊசிக்கு இரண்டு குப்பி விந்து சொல்லிவிட்டேன். மேபெல் செவ்வாய்க்கிழமை பருவத்துக்கு வருவாள் என்பது என் கணக்கு. திங்களன்று பெட்டி வந்து சேர வேண்டும்.

மேபெல் என் கணக்கைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே முதுகில் கைவைத்து அழுத்தினால் கல்லாக நின்றாள், பருவம் வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஞாயிறு காலையில் ஊசி போட்டாக வேண்டும், திங்களுக்குள் பருவம் போய்விடும். ஞாயிறன்று எந்தப் பெட்டியும் எங்கும் வராது. நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நானாக யாரிடமும் உதவி கேட்கவில்லை, அதற்கு என் மரியாதை இடம் கொடுக்கவில்லை. கோரின் யாரிடமோ தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லோவெல் டெபி வந்து நின்றார். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது. கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற கறுப்பு கோட்டில் இருந்தார், ஒரு கை கோட்டுக்குள்ளே.

"நெஞ்சு வலியா லோவெல்?" என்று பதறினேன்.

"இல்லப்பா. குப்பி. ஆறிடக் கூடாதுன்னு அக்குள்ள வெச்சிருக்கேன். விடியக்காலையில கிளாரென்ஸ்கிட்ட எடுத்தேன். இப்பவே போட்டுடு."

கிளாரென்ஸ் லோவெல் வீட்டில் வளர்ந்த கலப்பின ஆண் பன்றி. தாய் செத்துப்போய்ப் பால்புட்டியில் வளர்ந்தவன். சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான தோல். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது கவிழ்ந்திருக்கும். முகத்தைப் பார்த்தால் தூங்கி எழுந்தவனைப் போல இருக்கும். லோவெல் தன் மைத்துனரின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார், மைத்துனரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார் என்றால் அவர்கள் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளாரென்ஸிடம் ஊசிக்கு வந்தவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர். அந்த வருஷம் ஒருவருமில்லை.

அன்று கோயிலில் லோவெல்தான் காணிக்கைத் தட்டு ஏந்தி வந்தார். ஆண் பன்றியின் வாடை சோப்புக்கு மசியாது. அவர் வரிசை வரிசையாக வர, ஜனங்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சாய்ந்தார்கள். அவர் ஒன்றும் நடக்காதவர் போல எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நானும் சாய்ந்தேன். அதை ஒளிக்க மாட்டேன்.

திங்களன்று இல்லினாய்ஸ் பெட்டி வந்தது. மேபெல் அதற்குள் எல்லாம் முடிந்து தீவனத் தொட்டிக்குப் போய்விட்டாள். பலகையால் மூலையில் தள்ளி நிறுத்தி எப்படியோ போட்டேன். அதில் பாதி தரையில் போனது, மீதி என் பூட்ஸில். இதைத் தொழில் தெரிந்த யாரிடம் சொன்னாலும் அந்த ஊசி பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். நானும் வேறு யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் ஒன்பது குட்டிகள் பிறந்தன. இரண்டுக்கு ஒரு காது கவிழ்ந்திருந்தது. நாலைந்து நாளில் நடக்கத் தொடங்கியபோது, முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்கால் வந்து மெத்தென்று இறங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து, கூண்டின் மேல் மாட்டுகிற அட்டையில் 'தந்தை: நோ மெர்சி' என்று எழுதினேன். பெட்டிக்குக் கொடுத்த விலை கோரினுக்குத் தெரியாது, வீணானது என்றால் கேட்பாள் என்பது ஒரு காரணம். வாங்க வருகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் தேடி வருவார்கள் என்பது இன்னொன்று. இப்போது போல ஒரு முடியைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தகப்பன் பெயர் எழுதி வருகிற காலமும் அல்ல அது.

லோவெல் குட்டிகளைப் பார்க்க வந்தார்.

"எது பிடிச்சுது வெண்டல்? என்னுதா, பெட்டியா?"

"பெட்டிதான்."

"அப்பாடா. நல்லதாப் போச்சு. அவ்ளோ தூரத்துலேருந்து வரவழைச்சது வீணாகல" என்று என் முதுகில் தட்டினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆனாலும் ஆறு மாதம் தாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் கவுண்டிக் கண்காட்சி. மேபெலின் குட்டிகளில் ஒன்றை ஃபெஸ்லர் வீட்டு மூத்த பெண் ப்ரெண்டா வாங்கி வளர்த்திருந்தாள். கடைசிச் சுற்றில் ஏழு பன்றிகள். நடுவர் வெளியூர்க்காரர். நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு, ப்ரெண்டாவின் பன்றியின் முதுகில் பட்டென்று தட்டினார். அதுதான் முதல் பரிசு. பிறகு மைக்கைப் பிடித்துக் காரணம் சொன்னார்.

"கால்களைப் பாருங்கள். நான் இந்தக் கோடையில் பதினோரு கண்காட்சி பார்த்துவிட்டேன். இப்படிக் கால் வைக்கிற பன்றியை இன்னும் பார்க்கவில்லை. பஞ்சின் மேல் நடப்பது போல நடக்கிறது. இதன் தந்தையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கண் இருக்கிறது."

ஒலிபெருக்கியில் என் பெயரையும் நோ மெர்சியின் பெயரையும் படித்தார்கள். ஜனம் கைதட்டியது. தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான், அதில் ஒரு சொல்லும் எனக்குச் சேராது.

கொட்டகையில் என்னைச் சுற்றிக் கூட்டம். மெர்ல் கூன்ட்ஸ் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். எங்கள் பக்கத்தில் எனக்கு அடுத்தபடி பன்றி தெரிந்தவன் அவன்தான். என்னைவிடத் தெரிந்தவன் என்பது அவன் கட்சி.

"டே வெண்டல், அந்த நோ மெர்சியை நான் போன வருஷமே பாத்தேன்டா. கால் சரியில்லைன்னு விட்டுட்டேன். என் கண்ணுல மண்ணு."

"கால் வைக்கோல்ல இருந்துது" என்றேன்.

"அதான் நீ உள்ள பூந்து பாத்திருக்க. ஆளு எமகாதகன்!"

கூட்டத்துக்குப் பின்னால் லோவெல் காகிதத் தட்டில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து கை குலுக்கினார்.

"அருமையான பன்னி வெண்டல். நடை எவ்ளோ அழகு. எங்க கிளாரென்ஸும் கொஞ்சம் இப்படித்தான் நடப்பான், பாவம்."

"கிளாரென்ஸ் எப்படி இருக்கான்?"

"இருக்கான். வியாழக்கிழமை அனுப்பறேன். கறி அரைச்சு சாசேஜ் போட எடுக்கிற லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன். ஒருத்தரும் கேக்கறதில்ல, சும்மா தின்னுட்டு நிக்கறான். எனக்கும் முதுகு முடியல." சாண்ட்விச்சைப் பார்த்தார். அதை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "பசிக்கல" என்றார்.

அன்று வீட்டில் வண்டியை நிறுத்தியதும் கோரின் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஊசி போட்டப்போ விளக்குப் பிடிச்சது யாரு?"

"நீதான்."

"திங்கக்கிழமை உன் பூட்ஸைக் கழுவினது யாரு?"

"நீதான்."

"அப்ப நீ யார்கிட்ட பொய் சொல்லிட்டிருக்க? என்கிட்ட இல்ல. கர்த்தர்கிட்டயும் நடக்காது. லோவெல்கிட்ட மட்டும்தான் நடக்குது. வியாழக்கிழமைக்கு அஞ்சு நாள் இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை தீவனக் கடைக்குப் போனேன். அங்கே எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு காபிப் பானை, எப்போதும் நாலைந்து ஆண்கள். ஊரில் எந்தச் செய்தியும் அங்கே சொன்னால்தான் செய்தி. மெர்லும் கஸ் டர்க்சனும் இருந்தார்கள். கஸ் சோயா விதைப்பவன், பேச்சில் சிக்கனம். நான் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். ப்ரெண்டாவோட பன்னிக்கு அப்பன் நோ மெர்சி இல்ல. லோவெலோட கிளாரென்ஸ்."

மெர்ல் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியா கஸ்! நாங்க எல்லாரும் நோ மெர்சிக்கு ஆர்டர் குடுத்துடுவோம்னு பயம். தனக்கு மட்டும் வெச்சுக்கப் பாக்கறான். டே, நான் நேத்தே மூணு குப்பி சொல்லியாச்சு!"

"மெர்ல், நான் சத்தியமா சொல்றேன். பெட்டி திங்கக்கிழமைதான் வந்துது. அப்போ பருவம் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை லோவெல் கொண்டு வந்ததுதான் பிடிச்சுது. நான் அட்டையில பொய் எழுதிட்டேன்."

சிரிப்பு நின்றது. கஸ் மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வியாழக்கிழமை கிளாரென்ஸ் போறான் இல்ல?" என்றான்.

"ஆமா."

கஸ் மெர்லைப் பார்த்தான். மெர்ல் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோதுதான் காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"வெண்டல்," என்றான், குரலே மாறிப்போய், "உன்னை நான் என்னமோன்னு நினைச்சிட்டிருந்தேன். ஒரு கிழவரோட பன்னிக்காக உன் கோப்பையையே விட்டுக்குடுக்கற. பொய்க்காரன்னு பேர் வந்தாலும் பரவாயில்லன்னு..."

"மெர்ல், நான் பொய்க்காரன்தான்!"

"கேட்டியா கஸ்? எப்படிச் சொல்றான் பாரு."

நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு நல்லவனானேன். அதுவரை பதினோரு வருஷமாக டீக்கனாக இருந்தேன். நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், பிரசங்கம் செய்திருக்கிறேன், ஒருவரும் என்னைப் பரிசுத்தவான் என்று சொன்னதில்லை. பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட அன்று ஊரே சொன்னது. சாயங்காலத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. டீக்கனே இவ்வளவு செய்யும்போது நாம் ஒரு குப்பியாவது சொல்ல வேண்டாமா என்று ஒவ்வொருவராக லோவெலுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஊசியைப் போடுவதாக யாருக்கும் உத்தேசமில்லை. கிழவருக்கு மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். புதன் மத்தியானத்துக்குள் பதினாலு பேர்.

பதினாலாவது ஆள் மிஸ் ஆர்டித். எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். அவரிடம் ஒரு பூனை மட்டும் இருந்தது.

லோவெலுக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. "எந்தப் பன்னிக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். மிஸ் ஆர்டித்துக்குப் பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

புதன் சாயங்காலம் லோவெல் என் வீட்டுக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். வெட்கப்பட்டவர் போல வாசல்படியிலேயே நின்றார்.

"எனக்காகப் போயி பொய் சொன்னியாமே."

"பொய் இல்ல லோவெல். நிஜம். அது கிளாரென்ஸோட குட்டிதான்."

"ஜனவரியில பெட்டின்னு சொன்ன."

"அதுதான் பொய்."

"ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு எனக்குத் தெரியாது. எனக்கு லாபமா இருக்கறதை நிஜம்னு எடுத்துக்கறது சரியில்ல, வெண்டல். நீ நல்ல மனசுல செஞ்ச. ஆனா ஊர் இரக்கத்துல என் பன்னி சாப்பிடக் கூடாது. லாரி வரட்டும்."

கோரின் உள்ளே இருந்து ஓடி வந்து, "நான் விளக்குப் பிடிச்சேன் லோவெல், நான் பாத்தேன்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன் வீட்டுக்காரனை விட்டுக்குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். இவ்வளவு நேர்மையான மனிதரைக் காப்பாற்றுவது எத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் அவர் பதினாலு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, தனக்காக வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களை நான் மெச்சுகிறேன். அவர் மனது நோகாமல் இருக்க ஒவ்வொருவரும் ஒரு காரணம் கட்டிச் சொன்னார்கள். இரக்கமா, யார் சொன்னது, உங்கள் பன்றியின் எலும்பு கனம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றான் ஒருவன். இப்படி அமைதியான ஆண் பன்றியை எங்கே பார்ப்பது, என் பிள்ளைகளுக்கு முரட்டுக் குட்டி ஆகாது என்றான் கஸ்ஸின் தம்பி. மார்பு அகலம் என்றாள் ஒருத்தி. மெர்ல், "கால், லோவெல், கால்! அந்தக் கால்மேல எனக்கு எப்பவுமே ஒரு கண்ணு" என்றான். எல்லோரும் நெஞ்சறிய அளந்துவிட்டார்கள். சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கிளாரென்ஸை அவர்களில் யாரும் இரண்டு வருஷமாகத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

லோவெல் அதற்கும் மசியவில்லை. மெர்லிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "நாளைக்குக் காலையில லாரி வரும்போது வா. வேற யாரோ ஒருத்தனோட பன்னியை வாங்கப் போன மாதிரி பாரு. எடுப்பேன்னா எடு. மாட்டேன்னா சொல்லிடு, ஏத்திடறேன்."

வியாழன் காலை நானும் போனேன். லாரி ஏற்கெனவே வந்து, பின்கதவு திறந்து, சரிவுப் பலகை இறக்கி நின்றது. ஓட்டுநர் நாற்பது மைல் தள்ளியிருந்து வந்த ஒரு பருத்த மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெர்ல் சுத்தமான சட்டை போட்டு வந்திருந்தான். பொய் சொல்வதற்குத் தயாராக வந்தவனின் முகம் அவனுக்கு. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

லோவெல் கதவைத் திறந்தார். கிளாரென்ஸ் தூங்கி எழுந்த முகத்தோடு வெளியே வந்தான். முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் ஈரமாக இருந்தது. வைக்கோல் ஒரு துரும்பும் இல்லை.

"ஆகா," என்று மெர்ல் ஆரம்பித்தான். "என்ன ஒரு..."

அதோடு நிறுத்திவிட்டான்.

கிளாரென்ஸ் எங்களைக் கடந்து வேலிவரை நடந்தான். திரும்பி நடந்தான். ஈர மண்ணில் தடங்கள் விழுந்திருந்தன. நாலு கால் நடந்த இடத்தில் இரண்டு கால் நடந்தது போல. மெர்ல் கண்ணடிப்பதை மறந்துவிட்டான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆண் பன்றி பார்க்கப் போகிற இடங்களில் அவன் அப்படித்தான் நிற்பான்.

"இன்னொரு தரம் நடக்க விடுங்க."

லோவெல் நடக்கவிட்டார். மெர்ல் வாய் திறக்கவில்லை. பொய் சொல்வதாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பான். லோவெல் கிளாரென்ஸின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டே தரையைப் பார்த்திருந்தார்.

"சரி மெர்ல்," என்றார் மெல்ல. "பரவாயில்ல. நீ பாத்ததே போதும்." சரிவுப் பலகைப் பக்கமாகக் கிளாரென்ஸைத் திருப்பினார்.

"இருங்க!" மெர்ல் சுத்தமான கால்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டான். முன்னங்கால் கணுவுக்கு நேராகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அவனைப் பக்கவாட்டுல கொண்டு வாங்க. மெதுவா" என்றான். கிளாரென்ஸ் அவன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் நடந்து போனான். கணுக்கால் மடங்கி நிமிர்ந்தது.

மெர்ல் எழுந்தான். என்னை நோக்கி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இது அந்தப் பொண்ணோட பன்னி நடந்த நடை."

"ஆமா."

"நோ மெர்சிக்கு இந்தக் கால் கிடையாது. அது எனக்குப் போன வருஷமே தெரியும். நான் சரியாத்தான் பாத்திருக்கேன்!"

"ஆமா மெர்ல்."

"அப்படின்னா... நீ நிஜமாவே பொய்க்காரன்தானா?"

"அதைத்தான் செவ்வாய்க்கிழமையிலேருந்து சொல்றேன்."

"அயோக்கியா! என் பொண்டாட்டிகிட்ட உன்னைப் பத்தி எவ்ளோ பேசினேன் தெரியுமா? அவ அழுதாடா. உனக்காக அழுதா!"

அவன் கத்தியதில் லாரி ஓட்டுநர் ஓரடி பின்னால் போனார். லோவெல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மெர்லுக்கு எனக்காகப் பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை என்பது அவன் கோபத்திலிருந்தே யாருக்கும் தெரிந்திருக்கும். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. குனிந்து கிளாரென்ஸின் முன்னங்காலை, அதுவரை பார்த்தே இராதவர் போலப் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அப்போ அன்னிக்கு அவனுக்குத்தான் கை தட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அவனுக்குத்தான்."

"நான் அங்கதான் நின்னிட்டிருந்தேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "நானும் தட்டினேன்."

"எனக்கு ஒரு குப்பி பத்தாது," என்றான் மெர்ல், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. "நாலு. முதல் ஆளா நான்தான். பின்னால வர்றவங்க வரிசையில நிக்கட்டும்."

லாரி ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "அப்போ நான் ஏத்தணுமா, வேண்டாமா?"

லோவெல் ஒரு கணம் தடுமாறினார். நாற்பது மைல் வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்றுதான் அப்போதும் அவருக்குக் கவலை. "ஏத்த வேண்டாம்," என்றார். "ஆனா நீங்க சாப்பிடாம போகக் கூடாது. உள்ள வாங்க. முட்டை இருக்கு, உருளைக்கிழங்கு வறுக்கறேன். சாசேஜ் மட்டும் இன்னிக்கு வேண்டாம்."

ஓட்டுநர் சரிவுப் பலகையைத் தூக்கி மாட்டிவிட்டு, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கிளாரென்ஸ் தன் கொட்டகைக்குள் போய்ச் சுவரோரம் படுத்தான்.

ஞாயிறன்று கோயிலில் எழுந்து நின்று எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். இந்த முறை நம்பினார்கள், மெர்ல் பக்கத்தில் நின்று தலையாட்டியதால். டீக்கன் பொறுப்பிலிருந்து ஒரு வருஷம் என்னை விலக்கி வைத்தார்கள். அது நியாயம். மெர்ல் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு முறை தன் தோட்டத்து ஆப்பிள்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளாரென்ஸைப் பார்க்க வருகிறான் என்று லோவெல் சொன்னார்.